திரும்பி வந்த கிளிமுகப் பல்லக்கு

நெடுவயல் நாட்டை மகுடவர்மன் ஆண்டபோது, பழைய பொருள்களை விற்க ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வீட்டில் கிடக்கும் பொருளின் அடையாளத்தைத் தண்டோராக்காரனிடம் சொன்னால் போதும். அவன் ஊர் ஊராகப் போய்க் கூவுவான். எங்கோ இருப்பவர் கேட்டு, பார்க்காமலேயே பணம் அனுப்பி வாங்கிக்கொள்வார். ஏமாந்துவிடக் கூடாதே என்று மன்னர் ஒரு சட்டமும் போட்டிருந்தார். வாங்கிய பொருளைப் பயன்படுத்தாமல் பௌர்ணமிக்குள் திருப்பிக் கொடுத்தால், விற்றவர் மறுபேச்சின்றிப் பணத்தைத் தந்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தில் மன்னருக்கு ஏகப் பெருமை.

வைத்தியர் காளத்தி தம் பல்லக்கை அப்படித்தான் விற்றார். அவருடைய பல்லக்குத் தூக்கிகளுக்கு வயதாகிவிட்டது. விற்ற பணத்தில் வண்டியும் ஒரு ஜோடி மாடும் வாங்கி, நோயாளிகளைப் பார்க்கப் போய்வந்தார். பௌர்ணமிக்கு முதல் நாள், வாங்கிய வணிகர் குழந்தையப்பர் பல்லக்கோடு அரசவைக்கே வந்து நின்றார்.

"தூக்கினால் ஆடுகிறது அரசே. எனக்கு வேண்டாம்."

காளத்தி பல்லக்குக்குள் குனிந்தார். சந்தன வாசனை குப்பென்று அடித்தது. மெத்தையின் மடிப்பில் மஞ்சள் அரிசி. ஓரத்தில் நசுங்கிய மல்லிகை.

"ஐயா, இதில் ஒரு கல்யாணமே நடந்திருக்கிறதே!" என்றார்.

"மகளுக்குக் கல்யாணம் நடந்தது உண்மை," என்றார் வணிகர் சளைக்காமல். "கூடத்தில் அட்சதை போட்டோம். பல்லக்கும் கூடத்தில்தான் இருந்தது. அரிசிக்குக் கண்ணா தெரியும்? சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒருவரும் ஏறவில்லை."

மன்னர் தாடியைத் தடவினார். பக்கத்தில் இருந்த விகடகவி அம்பலத்தாடியைப் பார்த்தார். சிக்கல் வந்தால் அவனைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"என் சட்டமும் உடையக் கூடாது. வைத்தியர் வயிற்றிலும் அடிக்கக் கூடாது. என்ன செய்யலாம்?"

"இதிலென்ன யோசனை அரசே? சட்டம் சட்டம்தான். வைத்தியர் மாட்டை விற்றாவது பணத்தைக் கொடுக்கட்டும்."

காளத்தி திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். போன மாதம்தான் இந்த அம்பலத்தாடியின் பல்வலிக்கு மருந்து கொடுத்திருந்தார். கொஞ்சம் வலிக்கவே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"நியாயமான பேச்சு!" என்று பூரித்தார் வணிகர்.

"ஒரே ஒரு வேலை பாக்கி," என்றான் அம்பலத்தாடி. "விற்கும்போது ஊரெல்லாம் கூவினோம். பல்லக்கு விற்றுப்போயிற்று என்றுதானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? திரும்பி வந்ததையும் கூவினால்தான் வைத்தியருக்கு வேறு ஆள் கிடைக்கும். தண்டோராக்காரனும் இங்கேதான் நிற்கிறான். வணிகரே, உங்கள் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் எது?"

"குமிழியூர். அது எதற்கு இப்போது?"

"பெரிய ஊராயிற்றே, அங்கிருந்தே தொடங்கலாம். எழுதிக்கொள்ளப்பா. காளத்தி வைத்தியரின் பழைய கிளிமுகப் பல்லக்கு. கைப்பிடியில் இரண்டு பச்சைக் கிளி, ஒரு கிளிக்கு மூக்கு உடைந்தது. குழந்தையப்பர் வாங்கி, ஒருவரும் ஏறாமல், பௌர்ணமிக்கு முதல் நாள் திருப்பிக் கொடுத்தது. வேண்டுவோர்..."

"நிறுத்துங்கள்!" என்று வணிகர் கத்தினார். முகம் வெளுத்துவிட்டது. "குமிழியூரில் வேண்டாம்!"

"ஏன் வேண்டாம்? உங்கள் சம்பந்தி வீட்டு வாசலிலேயே உரக்கக் கூவச் சொல்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டாலும் படலாம்."

"ஐயோ, அவர் அந்தக் கிளியைப் பார்த்திருக்கிறார்!"

"கூடத்தில் இருந்த கிளியையா?"

வணிகர் மூக்குடைந்த கிளியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"பெண்ணுக்காகவே புதிதாகச் செய்யச் சொன்ன பல்லக்கு என்று சொல்லிவிட்டேன்," என்றார் கடைசியில், ஈனக் குரலில். "மூக்கு எப்படி உடைந்தது என்று கேட்டார். வழியில் மரக்கிளை இடித்தது என்றேன்."

அவையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

"இப்போது என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டார் மன்னர்.

"எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் அரசே. தண்டோரா மட்டும் வேண்டாம்."

"தூக்கினால் ஆடுகிறது என்றீரே?"

"இப்போது ஆடவில்லை."

தம் ஆட்களை அவசரப்படுத்தி, பல்லக்கோடு ஓட்டமும் நடையுமாக வெளியேறினார் வணிகர். காளத்தி வெளியே வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு திரும்பிப் போய், "பல் எப்படி இருக்கிறது தம்பி?" என்று அம்பலத்தாடியிடம் ரொம்பப் பிரியமாக விசாரித்தார்.

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலத்தாடியிடம் நீட்டினார்.

"நான் போர்த்திய சால்வைதான். பழசு. பிடிக்காவிட்டால் பௌர்ணமிக்குள் திருப்பிக் கொடுத்துவிடு."

அம்பலத்தாடி அதை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"நாளைக் காலையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது அரசே. போய்வந்து, பிடித்திருக்கிறதா என்று சொல்கிறேன்."