சாக்கு கட்டிய ஜன்னல்

மலைக் கணவாயை ஒட்டிய ஒரு மடத்தில், குருவைவிடச் சீடர் பத்து வயது மூத்தவர். பெயர் தாணுமூர்த்தி. அரசாங்க இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றபின் காவி கட்டியவர். மடத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்காக, அடுக்களையோடு சேர்த்துப் பன்னிரண்டு அறைகளில் ஒரு விடுதி கட்டியிருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம். பால் பொங்கியது, எல்லோரும் மெச்சினார்கள். அதோடு சரி, அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அதே வரைபடத்தில் கிளை மடத்திலும் ஒன்று கட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. ஆவணியில் அஸ்திவாரம். குருவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. குருவோ மாதக்கணக்கில் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஆடியில் ஒரு செய்தி வந்தது. சமையல்காரி பிச்சம்மாள் அடுக்களை ஜன்னலைச் சாக்கால் அடைத்துவிட்டாளாம். தாணுமூர்த்தி நேரே குருவிடம் போய் நின்றார்.

"மலையைப் பாத்து வச்ச ஜன்னல், சாமி. அதுல சாக்கைக் கட்டித் தொங்க விட்டிருக்கா. இருக்கத் தெரியாத ஜனங்களுக்கு என்னத்தைக் கட்டிக் குடுக்க?"

"அந்த அடுக்களையில ஒரு படி பால் காய்ச்சிக் கொண்டு வாரும்" என்றார் குரு.

"தையிலயே காய்ச்சியாச்சே."

"இது ஆடி."

எரிச்சலோடு போனவர் முதல் வேலையாகச் சாக்கைப் பிடுங்கி எறிந்தார். பிச்சம்மாள் தடுக்கவில்லை. விறகடுப்பைப் பற்ற வைத்தார், ஜன்னல் வழியே பாய்ந்த கணவாய்க் காற்றில் அணைந்தது. ஊதினார், புகை முகத்திலேயே அடித்தது. மறுபடி பற்றியபோது பொறி பறந்து காவியில் ஓட்டை போட்டது. அடுத்த முறை சாம்பல் பாலில் விழுந்தது. வேறு பால் ஊற்றினார். இந்தக் காற்றுக்கு வேறு வேலையே கிடையாதா என்று காற்றையே திட்டித் தீர்த்தார். உச்சிவேளை ஆகியும் பாலில் சூடு ஏறவில்லை.

"இதுல எம்பது பேருக்கு எப்படிம்மா சமைக்கே?"

"அந்தச் சாக்கு இருந்துச்சே ஐயா" என்றாள் பிச்சம்மாள்.

தாணுமூர்த்தி சாக்கைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, தம் கையாலேயே ஜன்னலில் கட்டினார். சற்று நேரத்தில் பால் பொங்கியது.

கரி படிந்த முகத்தோடு குருவிடம் வந்தார். ஒரு கையில் பால் செம்பு, மறு கையில் வரைபடம்.

"ஜன்னலைக் கிழக்கே மாத்தி வரைஞ்சுட்டேன், சாமி. இப்பவாவது கையெழுத்துப் போடுங்க."

குரு நிதானமாக ஒரு மடக்குக் குடித்தார்.

"மொத்தம் எத்தனை அறை?"

"பன்னிரண்டு."

"மத்த பதினொண்ணுல என்னென்ன கட்டித் தொங்குதுன்னு பாத்துட்டு வாரும். பேனா இங்கேயேதான் இருக்கும்."