பத்தொன்பது வாழ்த்துகள்

அன்று மூங்கில் குழாயடியில் வரிசையில் நின்றவர்கள்: எருமை ஒன்று, காட்டுப்பன்றி ஒன்று, முயல்கள் இரண்டு, நண்டு ஒன்று, கடைசியில் தவளை ஒன்று. தூரத்து வேங்கை மரப் பொந்துக்குள் மைனா ஒன்று. ஆக ஏழு பேர்.

அந்தப் பொந்துதான் காட்டு வானொலி நிலையம். மைனாதான் அறிவிப்பாளர். குழாயில் வாய் வைத்துப் பேசினால் பேச்சு பொந்துக்குப் போகும். பொந்திலிருந்து காடு முழுவதும் கேட்கும். தினமும் காலையில் ‘உங்கள் குறை என்ன?’ என்ற நிகழ்ச்சி. வெயில் வெள்ளைப் பாறையைத் தொட்டதும் அது முடிந்துவிடும்.

தவளை நின்ற இடத்திலேயே தாவிக்கொண்டிருந்தாள். அவளுடைய குட்டையின் கரையில் ஓட்டை விழுந்து, தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் பெற்ற தலைப்பிரட்டைகள். கால் முளைக்காத பிள்ளைகள் எங்கே தாவிப் பிழைக்கும்?

“எருமையண்ணே, என் குட்டைக் கரை உடைஞ்சு போச்சு!” என்றாள்.

“என்கிட்ட சொல்லி என்ன தங்கச்சி? குழாயில சொல்லு. காடே கேட்கும்!” என்றது எருமை. அதன் முறை வந்துவிட்டது.

“வணக்கம்! நலமா இருக்கீங்களா?” என்று கேட்டது மைனா.

“நலம், நலம்! நீங்க நலமா? சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு! ரெண்டு அத்திப்பழம்!”

“உங்க குரலைக் கேட்காட்டி எனக்குப் புல்லே இறங்காது! என் கொழுந்தியாளுக்கும், அவ மூணு கன்னுக்கும், மேட்டுக்காட்டு மச்சானுக்கும் வாழ்த்துச் சொல்லணும்.”

“நிகழ்ச்சி முடிவுல சொல்றேன்! உங்க குறை என்ன?”

“குறையா? அடடா, மறந்தே போச்சே!”

அடுத்தது பன்றி. அதுவும் நலம் என்றது, மைனா சாப்பிட்டதா என்று விசாரித்தது. தன் பன்னிரண்டு குட்டிகளுக்கும் ஆளுக்கொரு வாழ்த்துக் கேட்டது. முயல்கள் இரண்டும் அருகருகே நின்றுகொண்டே, ஒன்றுக்கொன்று வாழ்த்துக் கேட்டன! நண்டு குழாய்க்கு நேரே போக நினைத்துப் பக்கவாட்டில் போய்விட்டது. “ஹலோ! கேட்குதா? கேட்குதா?” என்று ஒரு புதரைப் பார்த்துக் கத்தியது.

வெயில் பாறைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

தவளை குழாயருகே தாவினாள்.

“வணக்கம்! நலமா இருக்கீங்களா?”

‘நலம்’ என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. தவளை அதை ஈயை விழுங்குவதுபோல் விழுங்கினாள்.

“நலமில்லை!” என்றாள்.

காடே திகைத்தது. அந்த வானொலியில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மைனா தடுமாறி, வழக்கமான அடுத்த கேள்வியையே கேட்டது.

“அப்போ... சாப்பிட்டீங்களா?”

“இல்லை! என் குட்டைக் கரை உடைஞ்சு தண்ணி ஓடுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா என் பிள்ளைங்க செத்துப்போகும்!”

“எந்தக் குட்டை?”

“குழாயடிக்கு இடப்பக்கம், ஆலமரத்தடியில!”

வரிசையில் நின்ற எல்லாரும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஆலமரத்தடியில் தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது!

“காட்டு மக்களே! வாழ்த்து அப்புறம். முதல்ல எல்லாரும் குட்டைக்கு ஓடுங்க!” என்று மைனா கூவியது.

எருமை நேரே போய் ஓட்டையில் உட்கார்ந்தது. தண்ணீர் நின்றுவிட்டது! பன்றி மூக்கால் சேற்றைத் தோண்டித் தள்ளியது. முயல்கள் குதித்துக் குதித்து மண்ணை மிதித்தன. நண்டு மட்டும் ஓரமாக நெளிந்தது.

“அது வந்து... அந்த ஓட்டை என் வளைதான். ‘வீட்டுக்குள்ள வெள்ளம்’னு நான்கூடக் குறை சொல்லத்தான் வந்தேன்!”

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நண்டும் சிரித்துக்கொண்டே கொடுக்குகளால் கல் பொறுக்கிக் கொடுத்தது.

“நான் எழுந்திருக்கலாமா?” என்று கேட்டது எருமை.

“இன்னும் கொஞ்சம் பொறுங்க அண்ணே!”

கரை அடைபட்டது. மிச்சத் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் வாலாட்டித் திரிந்தன. வெயிலும் பாறையைத் தொட்டது.

“ஐயோ, வாழ்த்து ஒண்ணுகூடச் சொல்லலையே!” என்று பதறியது மைனா.

“இருக்கட்டும் தாயி! வாழ்த்து என்ன சோறா, ஊசிப் போக?” என்றது எருமை.

நலமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்டவர் எழுந்து வரவும் வேண்டும்.

அன்று சொல்லாமல் மிஞ்சிய வாழ்த்துகள் பத்தொன்பது.