தளவாயின் முகூர்த்தமும் ஒன்பது மணி மீட்டிங்கும்

வல்லவன்பேட்டையில் இன்று தெருவுக்குத் தெரு புத்திசாலிகள்தான். முன்பு அப்படியில்லை, எல்லா ஊரையும் போல இங்கும் கலந்துதான் இருந்தார்கள். மங்கையர் ஜவுளி மாளிகை திறந்தபோது மற்றவர்கள் மொத்தமாக அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். அதிலிருந்து ஊர் சற்று வெறிச்சென்று இருக்கிறது.

அவர்களில் ஒருவரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வார்கள். அதுதான் தொந்தரவு.

கடைக்குப் புது மானேஜராகக் கௌதமன் வந்தார். சென்னையில் பெரிய கடையில் இருந்தவர். வந்த மறுநாளே வாசலுக்கு உட்புறம் ஒரு நீலக் கம்பளத்தை விரிக்கச் சொன்னார். இனி தினமும் காலை ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் மீட்டிங்.

“இந்தக் கம்பளத்துல யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்கதான் ஆஜர். மீட்டிங்குக்கு வராதவங்களுக்கு இந்தக் கடையில வேலை கிடையாது. காய்ச்சல், கல்யாணம்னு எந்தக் காரணமும் எங்கிட்ட வந்து சொல்லக் கூடாது” என்றார்.

பட்டுப் பிரிவு ஆவுடையப்பன்தான் அங்கே வயதில் மூத்தவர். கூட்டம் முடிந்ததும் மற்றவர்களை ஓரமாக அழைத்துப்போய் விளக்கினார்.

“காய்ச்சல் வந்தா வரட்டும், கல்யாணம் வந்தா வரட்டும். அவர் காதுல மட்டும் போட்ராதீங்க. பாவம், மனசு தாங்காது போலிருக்கு.”

முதல் வாரத்து மீட்டிங்கில், கடைக்கு வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அன்று மத்தியானம் ஒருவர் தலை கலைந்து, கண் சிவந்து, கோடித்துணி எடுக்க வந்தார். குழந்தைகள் பிரிவு ரெபேக்கா பல்லெல்லாம் தெரிய எதிர்கொண்டாள்.

“யாரு தவறிட்டாங்கண்ணே?”

“எங்க அப்பா.”

“ரொம்ப சந்தோஷம். என்ன விலையில பார்க்கீங்க?”

அடுத்த வாரம், வந்தவர்களைத் தனியே விடக் கூடாது என்று உத்தரவு. மாடியில் சட்டைத்துணி காட்டும் சங்கிலி ஒரு குடும்பத்தைத் தனியே விடவில்லை. அவர்கள் பஸ் ஏறினார்கள், அவனும் ஏறினான். ராத்திரி அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, வாசலில் படுத்து, விடிந்ததும் மீட்டிங்குக்கு ஓடிவந்தான். அந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை அவன் போனதற்காக அழுததாகக் கேள்வி.

அதற்கும் அடுத்த வாரம், செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் கம்பளத்தில் உட்கார வேண்டும் என்றார் கௌதமன். அவர்கள் வெளியே வைத்தார்கள். தெருப் படிக்கட்டில், வரிசையாக, முகம் மேலே பார்க்க. மீட்டிங் முடிந்து வந்தபோது படிக்கட்டு மட்டும் இருந்தது.

“எவனோ கடைக்குள்ள கொண்டு வந்துட்டான்னு சார் கோவிச்சுக்குவாரோன்னு பயந்தேன். நல்லவேளை, தூரமாத்தான் கொண்டு போயிருக்கான்” என்றார் ஆவுடையப்பன்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் வேட்டி துண்டுப் பிரிவு தளவாய்க்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் பெயர் முப்பிடாதி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் ஒரே மகள். முன்னால் வந்த இரண்டு மாப்பிள்ளைகளும், பெண் காப்பி கொண்டுவந்தபோது காப்பியைப் பார்த்துவிட்டு, அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு, போடுகிற நகையை விசாரித்துவிட்டுப் போனவர்கள். தளவாய் வந்தபோது யாரோ, “வெட்கப்படாம பொண்ணை நல்லாப் பாருங்க தம்பி” என்றார்கள். அவன் பார்த்தான். காப்பி ஆறியது. கூட வந்தவர்கள் எழுந்து போனார்கள். விளக்கு வைத்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இவர்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அப்பாவுக்கு வேறு கவலை. “நிரந்தரமான வேலையில இருக்கவனுக்குத்தான் என் பிள்ளையக் குடுப்பேன். முகூர்த்தத்தன்னைக்குக் காலையில வேலை போனாலும் அந்த நிமிஷமே கல்யாணத்தை நிறுத்திப்போடுவேன்” என்றார்.

முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்து. மீட்டிங்கும் ஒன்பது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நால்வரும் ஆலோசித்தார்கள். தளவாய் டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மீட்டிங்குக்கு வந்தா பொண்ணு போச்சு. வராட்டா வேலை போச்சு. வேலை போனாலும் பொண்ணு போச்சு” என்றான் சங்கிலி. “எப்படிப் பார்த்தாலும் பொண்ணுதான்டே போகுது. வேலையையாவது பிடிச்சு வச்சுக்கோ.”

“எனக்கு முப்பிடாதிதாண்ணே வேணும்” என்றான் தளவாய்.

“தளவாய்க்குப் பதிலா நான் மணையில உட்காரட்டுமா?” என்று கேட்டாள் ரெபேக்கா.

“நீ பொம்பளைல்லா.”

“அதை யாரு பார்க்கப் போறா? வாறவங்க எல்லாம் சாப்பாட்டுக்குத்தானே வாறாங்க.”

அதில் நியாயம் இருப்பதாக எல்லாருக்கும் பட்டது. ஆவுடையப்பன் மட்டும் விரலை உயர்த்தினார்.

“நம்மள எங்க உட்காரச் சொன்னாரு?”

“கம்பளத்துல.”

“கம்பளம் எங்க இருக்கணும்னு என்னைக்காவது சொன்னாரா?”

டீக்கடைக்காரர் கூட பாலாற்றுவதை நிறுத்திவிட்டார்.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முந்தின நாள் கௌதமன் சரக்கு எடுக்க மதுரைக்குக் கிளம்பினார். போகும்போது சொன்னார்: “நான் இல்லேன்னாலும் நாளைக்கு மீட்டிங் நடக்கணும். ஆவுடையப்பன், என் இடத்துல உட்கார்ந்து நீங்க நடத்துங்க. நான் எப்படி நடத்துவேனோ அப்படியே நடத்தணும்.”

மறுநாள் காலை நீலக் கம்பளம் நான்கு பேர் தோளில் ஏறி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கல்யாண மண்டபத்துக்குப் போனது. எதிரில் வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மணமேடையில் கம்பளத்தை விரித்தார்கள். அதன் மேல் மாப்பிள்ளையும் பெண்ணும், சுற்றிலும் கடைச் சிப்பந்திகளும் உட்கார்ந்தார்கள். ஓமகுண்டத்தை மட்டும், அது ஸ்டாஃப் இல்லை என்பதால், தள்ளி வைத்தார்கள்.

“யாருங்க இவங்கள்லாம்?” என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

“மாப்பிள்ளை வேலைக்காக வந்திருக்கோம்” என்றார் ஆவுடையப்பன். வேலை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மகிழ்ந்து, எல்லாருக்கும் சந்தனம் கொடுக்கச் சொன்னார்.

சரியாக ஒன்பதுக்கு ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். ஆவுடையப்பனும் தொடங்கினார். கௌதமன் எப்படியோ அப்படியே நடத்தினார். கௌதமனுக்கு இருமல் உண்டு என்பதால் இரண்டு முறை இருமினார். கௌதமனுக்கு நடுவில் வீட்டிலிருந்து போன் வரும் என்பதால், வெறும் கையைக் காதில் வைத்து, “மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுதேன்” என்றார். துண்டு விற்பனை குறைந்துவிட்டது என்று தளவாயைக் கண்டித்தார். தளவாய் மாலைக்குள் தலை குனிந்துகொண்டான். மாப்பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று பெண்கள் பக்கம் பேசிக்கொண்டார்கள்.

ஐயர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். “கட்டுங்கோ.”

தளவாய் கையைத் தூக்கினான். தாலி அவன் விரல்களிலிருந்து தொங்கி, காற்றில் மெல்ல ஆடியது.

“கேள்வியெல்லாம் கடைசியிலதான்” என்றார் ஆவுடையப்பன்.

முப்பிடாதி குனிந்த தலையோடு காத்திருந்தாள். பிடரியில் மல்லிகை சரிந்தது. கை ஒன்றும் வரவில்லை.

“என்ன செய்யுதீங்க?” என்று கிசுகிசுத்தாள்.

“மீட்டிங்ல பேசக் கூடாது” என்று கிசுகிசுத்தான்.

அவள் கண்ணில் நீர் கோத்தது. ஓமப் புகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். எத்தனையோ கல்யாணங்களில் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

“இன்னைக்கு நல்லபடியா வியாபாரம் நடக்கணும்” என்று ஆவுடையப்பன் முடித்தார். வழக்கம்போல எல்லாரும் பலமாகக் கை தட்டினார்கள். கண்ணயர்ந்திருந்த மேளக்காரர் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, கெட்டிமேளத்தை வாசித்தார். மேளம் கேட்டதும் மண்டபம் முழுக்க அட்சதையை வீசியது. வீசிய கையோடு முக்கால்வாசிப் பேர் பந்திக்கு ஓடினார்கள்.

மீட்டிங் முடிந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் அவரவர் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சிப்பந்திகள் எழுந்தார்கள். முப்பிடாதியை மரியாதையாக நகரச் சொல்லிவிட்டுக் கம்பளத்தைச் சுருட்டினார்கள். வரிசையாகப் படியிறங்கினார்கள். மாலையும் கழுத்துமாகத் தளவாயும் போனான்.

“மாப்பிள்ளை எங்கம்மா?” என்று வந்தார் அப்பா.

“வேலைக்குப் போயிட்டாரு.”

“பார்த்தியா, எவ்வளவு பொறுப்பான பையன்!” என்று பூரித்தவர், அப்புறம்தான் மகளின் கழுத்தைப் பார்த்தார். பார்த்து, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு” என்றார் ஐயர்.

முப்பிடாதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் ஐயர் ஓடினார். அப்பா ஓடினார். ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று எண்ணி மேளக்காரர்களும் வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

மங்கையர் ஜவுளி மாளிகையில் வேட்டி துண்டுப் பிரிவுக்கு முன்னால் போய் மூச்சு வாங்க நின்றாள். தளவாய் ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தான். தாலி அவன் சட்டைப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

“வாங்க வாங்க” என்றான் சிரித்த முகத்தோடு.

“தாலியக் கட்டுங்க.”

அவன் முகம் வாடியது. “எனக்கும் ஆசைதான். வேலை நேரத்துல சொந்த வேலை பார்க்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருல்லா.”

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தார். முப்பிடாதி அவரைக் கையால் தடுத்தாள். தளவாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றைக்கு அவன் அவளைப் பார்த்தானே, அதுபோல.

“சரி. நான் துணி எடுக்க வந்தவ. கழுத்துல கட்டுத மாதிரி மஞ்சக் கயிறு இருக்கா?”

தளவாய் பிரகாசமானான். “கைவசம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. இந்தா பாருங்க, நல்ல உருப்படி. சாயம் போகாது.”

“எனக்கு எடுப்பா இருக்குமோ என்னமோ. கட்டிக் காட்டுங்க, பார்ப்போம்.”

கட்டிக் காட்டுவதில் அந்தக் கடையில் தளவாயை மிஞ்ச ஆளில்லை. மேசையைச் சுற்றி வந்து, மல்லிகையை ஒதுக்கி, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சுப் போட்டான். ஐயர் அவசர அவசரமாக மந்திரத்தைச் சொன்னார். மேளம் முழங்கியது. ரெபேக்கா குலவையிட்டாள். அப்பா கையில் கிடைத்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தளவாய் இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். “உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. வேற என்ன பார்க்கீங்க?”

முப்பிடாதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மாப்பிள்ளை ஒண்ணு வேணும். இருக்கா?”

இல்லை என்று சொல்லி அனுப்பத் தளவாய்க்கு மனம் வரவில்லை. அலமாரியில் தேடினான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். மாலை கண்ணை மறைக்க, அதை ஒரு கையால் விலக்கிக்கொண்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“சங்கிலி அண்ணே! மேல மாப்பிள்ளை இருக்கா?”

மாடியில் பெட்டிகள் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு சங்கிலியின் தலை தெரிந்தது.

“காலையில ஒரு பீஸ் இருந்துச்சுடே! இப்பத்தான் யாரோ எடுத்துட்டாங்க!”

தளவாய் முப்பிடாதியின் பக்கம் திரும்பினான். உண்மையாகவே வருத்தமாக இருந்தது அவனுக்கு.

“வெள்ளிக்கிழமை புதுச் சரக்கு வருது. வாங்க, உங்களுக்குன்னு நல்லதா ஒண்ணு எடுத்து வைக்கேன்.”