ஒரு மோட்டார், இரண்டு கிணறு

கதை சின்னது. ஆனால் முடிந்ததும் நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டும். "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அதைச் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் காரில் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் தெரு மேற்கிலிருந்து கிழக்கே ஆற்றை நோக்கிச் சரிகிறது. மேற்குக் கோடியில் ஒரு தோல் பதனிடும் கம்பெனி. மூடி இருபது வருஷம் ஆகிறது. அதன் பின்னால் குரோமியக் கழிவு மேடாகக் கிடக்கிறது. அதை யாரும் தொட்டதில்லை. மழை பெய்தால் அதிலிருந்து விஷம் மண்ணுக்குள் இறங்கி, அடித்தண்ணீரோடு சேர்ந்து மெல்லக் கிழக்கே நகரும். அது கலந்த தண்ணீர் மஞ்சளாக இருக்கும்.

தெருவில் இரண்டே கிணறு. நடுவில் இருப்பது முனிரத்தினத்துடையது. பதினோரு வருஷமாக மஞ்சள், யாரும் வாயில் வைப்பதில்லை. அவருக்குச் செங்கல் சூளை உண்டு. மண் குழைக்க அந்தத் தண்ணீரைக் காலையிலிருந்து சாயந்தரம் வரை மோட்டார் போட்டு இறைப்பார். கிழக்குக் கோடியில் இருப்பது பிலோமினா அக்காவுடையது. நல்ல தண்ணீர். முப்பத்திரண்டு வீடும் அதில் கயிறு போட்டுச் சேந்தித்தான் குடித்தது.

மோட்டார் தெருவுக்கே ஒன்றுதான்.

போன தை மாதம் அதிகாரிகள் வந்து சோதித்தார்கள். நடுக் கிணற்றில் விஷம் அளவுக்கு மேல் என்று போர்டு மாட்டிவிட்டுப் போனார்கள். தெரு கொதித்துவிட்டது. "விஷம்னு தெரிஞ்சும் எதுக்குய்யா வெளிய எடுக்கிற? எங்களைச் சாகடிக்கவா?" என்று முனிரத்தினத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் கத்தினேன். மோட்டாரைக் கழற்றினோம். கிணற்றைக் கல் பலகையால் மூடினோம். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அடி விழுந்திருக்கும்.

"கழட்டினதை இன்னாத்துக்கு மூலையில போடுறீங்க?" என்றார் பிலோமினா அக்கா. "எங்கிணத்துல மாட்டுங்க. குடம் தூக்கியே எல்லாருக்கும் இடுப்பு போச்சு."

மாட்டினோம். வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. குடிக்க, குளிக்க, துவைக்க, மாடு கழுவ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறு. அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தூறல்கூட விழவில்லை. ஆடி மாதம், பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவின் மகள் ஸ்டெல்லா வெள்ளை மக்கில் தண்ணீர் பிடித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, இதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?"

அக்கா பிழியவில்லை.

அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு லாரி, வீட்டுக்கு நாலு குடம். கிணறு தெளியாவிட்டால் தெருவே காலி செய்ய வேண்டியதுதான். போக இடம் உள்ளவர் யாரும் இங்கே இல்லை. அதிகாரி மறுபடி வந்தார். "இப்போதைக்கு ஒரு வேலைக்குத்தான் அனுமதி. எதுன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க. கிணத்துக்காரம்மா கையெழுத்துப் போடணும்."

அக்கா வீட்டு வாசலில் கூடினோம். ஸ்டெல்லா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

தேவசகாயம் அந்தக் கம்பெனியில் தோல் நனைத்தவர். கைத்தோல் முழுக்கப் பொத்தல். "மேட்டை வாரி லாரியில ஏத்தணும். அது கிடக்கிற வரைக்கும் விஷம் ஊறிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். உண்மைதான். ஆனால் எட்டு மாசம் ஆகும். ஏற்கெனவே தண்ணீரில் கலந்த விஷம் லாரியில் ஏறாது.

லியாகத் பாய் சர்க்கரை ஆலையில் டேங்கர் ஓட்டுகிறவர். ஆலையில் மிஞ்சும் கருப்புப் பாகை மண்ணுக்குள் துளை போட்டு ஊற்றினால், கிருமிகள் அதைத் தின்று பெருகி, மஞ்சள் விஷத்தை மண்ணோடு மண்ணாகக் கட்டிப்போடும் என்றார். அதிகாரியும் தலையாட்டினார். "முதல்ல தண்ணி கருத்து நாறும். அப்புறம் தெளியும்" என்றார் பாய்.

"எப்ப பாய்?"

"ஒரு வருஷம் ஆகும்."

"அப்ப எங்களைப் புதைச்சிட்டு அந்தக் குழியிலயும் ரெண்டு குடம் ஊத்து" என்றது ஒரு குரல்.

கடைசியில் முனிரத்தினம் எழுந்தார். "நடுக் கிணத்துப் பலகையை எடுங்க. மோட்டாரை நாளைக்கே அங்க மாட்டுங்க."

"உன் சூளைக்குத் தண்ணி வேணும், அதைச் சொல்லு!"

"ஆமா, வேணும். சூளை நின்னு ஏழு மாசம் ஆச்சு. அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?"

காரணம் சொல்ல வாயெடுத்தார். யாரும் விடவில்லை.

அதிகாரி பேனாவை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு, நிலைப்படியில் இருந்த ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்குத்தான் இடம், கிணறும் காத்திருக்காது. யார் சொன்னதை முதலில் செய்ய வேண்டும்? அக்காவின் கிணற்றைக் கெடுத்தது யார்? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: முனிரத்தினம் சொன்னதைத்தான். மழை பெய்யவில்லை, மேட்டை யாரும் கிளறவில்லை. மாறியது மோட்டார் மட்டும். எங்கே தண்ணீரை வேகமாக இழுக்கிறோமோ அங்கேதான் விஷமும் வரும். பதினோரு வருஷம் நடுக் கிணறு மஞ்சளைத் தன் பக்கமே இழுத்து நிறுத்தியிருந்தது. அதை நிறுத்திவிட்டுக் கிழக்கே மோட்டார் போட்டு, நாங்களே விஷத்தைக் கூப்பிட்டோம். கெடுத்தது எங்கள் ஆத்திரமும் அக்காவின் நல்ல மனசும். மோட்டாரைத் திருப்பி மாட்ட வேண்டும். வருகிற மஞ்சள் தண்ணீரைத் தொட்டியில் தேக்கிச் சுத்திகரிக்க வேண்டும். சூளைக்கு ஒரு சொட்டு தரக் கூடாது. அதைக் கேட்டும் முனிரத்தினம் பேச்சை மாற்றவில்லை. மேட்டை வாருவதும் பாகு ஊற்றுவதும் அதற்குப் பிறகு, இரண்டுமே வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டார். "எங்கிணறு தெளிய எத்தனை நாள் ஆகும் சார்?" என்று கேட்டார். அதிகாரி பேனாவை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.