தணலுக்குத் தடை போட்ட மன்னன்

முன்னொரு காலத்தில், மன்னன் வாயசைத்தால் அது சட்டம், அமைச்சர் தலையசைத்தால் அது சாத்திரம் என்று கிடந்த நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டை ஆண்ட பொற்கோமானுக்கு நாக்கு நீளம், யோசனை குட்டை. அவனுடைய அவையில் நகைமாறன் என்றொரு விகடன் இருந்தான். மன்னனைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிந்திக்க வைப்பது அவன் ஆசை.

ஆனிச் சாரலில் ஒருநாள், வேட்டைக்குப் போன மன்னன் வழிதவறி, நனைந்த கோழியாய் நகைமாறன் வீட்டு வாசலில் வந்து நின்றான். நகைமாறனின் மனைவி சுடர்க்கொடி, காட்டோரத்தில் கரி சுட்டு விற்கும் குடியில் பிறந்தவள். ஆட்டுத் தொடைக்கு மிளகும் பூண்டும் உப்பும் அரைத்துப் பூசி, வாழையிலையில் பொதிந்து, சாம்பல் மூடிய தணலில் புதைத்தாள். அது வேகும் நேரத்தில் பலாச்சுளைகளை நெய்யில் வதக்கி, வெல்லப்பாகில் கிளறி, சுக்குத்தூள் தூவி இறக்கினாள். மன்னன் எலும்பையும் விடவில்லை. பாகு இருந்த சட்டியையும் விரலால் வழித்தான்.

"நாளை மறுநாள் அண்டை நாட்டு அரசர் விருந்துக்கு வருகிறார். அன்று அரண்மனையில் இதே விருந்தை நீதான் ஆக்க வேண்டும், அம்மா!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவையில் அமைச்சர் தண்டராயர் எழுந்தார். விகடனுக்கு மன்னன் காட்டும் அன்பைக் கண்டு நெடுநாளாக வயிறெரிந்தவர்.

"வேந்தே! கரி சுடும் குடியில் பிறந்தவள் நம் மடைப்பள்ளியில் கால் வைப்பதா? அடுப்பு தீட்டுப்படும், அரியணை தீட்டுப்படும், ஆன்றோர் மரபு அழியும்!"

மன்னன் தலையைச் சொறிந்தான். "அப்படியானால் விருந்து?"

"பக்குவத்தை நம் பரிசாரகர்கள் அறிவார்கள். ஆணை மட்டும் பிறக்கட்டும். அதை நகைமாறரே நிறைவேற்றட்டும். மன்னரின் சோற்றுக்கு நன்றி பெரிதா, மனையாளின் முகம் பெரிதா என்று பார்த்துவிடுவோம்."

ஆணை பிறந்தது: கரி சுடும் குடியின் கை பட்ட எதுவும் அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது. மீறவிட்டால் நகைமாறன் நாடு கடத்தப்படுவான். மனைவியைத் தன் கையாலேயே தடுக்க வேண்டும், இல்லையேல் மண்ணைவிட்டே வெளியேற வேண்டும். நகைமாறனுக்குப் பழிச்சொல் பழக்கம். அவளைத் தொட்ட பழிச்சொல்லோ நெஞ்சில் முள்ளாய் இறங்கியது.

வீடு திரும்பியவனைப் பார்த்ததுமே சுடர்க்கொடி கேட்டாள்: "ஏங்க, மொகம் ஏன் வெளக்கணைஞ்ச வீடாட்டம் இருக்கு?"

சொன்னான். அவள் அழவில்லை. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"என் கையால வாங்கித் தின்னப்போ குலம் எங்க போச்சாம் உங்க ராசாவுக்கு? மழையில கரைஞ்சிருச்சா? தின்ன சோறு இன்னும் வவுத்துலதான கெடக்கும்!"

நகைமாறன் அவளை வியந்து பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "சுடர், நாளைக்கு உன் குடியார் கரி வண்டியோடு வருவார்கள் அல்லவா? நீயும் அவர்களோடு வாசலுக்கு வா. ஆணையை நான் அப்படியே நிறைவேற்றப் போகிறேன். ஓர் எழுத்தும் குறையாமல்!"

விருந்து நாள் விடிந்தது. மன்னன் விருந்தாளியை எதிர்கொள்ள ஊர் எல்லைக்குச் சென்றிருந்தான். அன்றன்றைக்கு வரும் கரி வண்டிகள் வழக்கம்போல் வாசலுக்கு வந்தன.

"நிறுத்து!" என்றான் நகைமாறன்.

காவலன் திகைத்தான். "ஐயா, மடைப்பள்ளிக் கரிங்க. தெனம் வர்றதுதான?"

"சுட்டது யார்?"

"கரி சுடுற சனந்தான். வேற யாரு சுடுவா?"

"அவர்கள் கை பட்டது வாசலைத் தாண்டக் கூடாது."

"அடுப்பு எரியணுமே ஐயா!"

"ஆணையில் அடுப்பைப் பற்றி ஒன்றுமில்லையே, அப்பா."

உள்ளே தண்டராயர் தலையிலடித்துக்கொண்டார். சாரலில் ஊறிய விறகை வைத்து ஊதச் சொன்னார். பரிசாரகர்கள் ஊதினார்கள், கண்ணீர் வடித்தார்கள், ஓடினார்கள். கடைசியில் அவரே ஊதுகுழலை வாங்கி ஊதினார். புகை கூடத்தை நிறைத்தது. ஆடு வெளியே கருகியது, உள்ளே பச்சையாய்க் கிடந்தது. பலாச்சுளையோ பாகைக் காணாமல் ஈயைக் கண்டது.

அந்நேரம் முரசு முழங்க, விருந்தாளி அரசருடன் பொற்கோமான் வாசலுக்கு வந்தான். நகைமாறன் காவலர் இருவரின் வேல்களைக் குறுக்கே நிறுத்தினான்.

"மன்னிக்க வேண்டும், வேந்தே. விருந்தாளி செல்லலாம். தாங்கள் செல்ல இயலாது."

"என்ன துணிச்சல்! இது என் அரண்மனை!"

"அரண்மனை தங்களுடையது, ஆணையும் தங்களுடையது. கரி சுடும் குடியின் கை பட்ட ஆட்டுத் தொடை ஒன்றும், ஒரு சட்டிப் பழப்பாகும் தங்கள் திருவயிற்றுக்குள் சென்றதை இந்தக் கண்ணால் கண்டேன். இப்போது அது எலும்பில் வலிமையாய், தோளில் தசையாய் ஊறியிருக்கும். அதைப் பிரித்து வெளியே வைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் உள்ளே வர வழியுண்டென்றால், வேல்களை விலக்குகிறேன்!"

விருந்தாளி அரசர் மீசைக்குள் சிரித்தார். பொற்கோமானின் முகம் சிவந்தது. சினம் பாதி, நாணம் பாதி. மெல்லத் திரும்பினான். மதிலோரம் கரி வண்டிகள் நின்றன. வண்டியோட்டிகளின் நடுவே சுடர்க்கொடி தலைகுனியாமல் நின்றாள்.

மன்னன் அவள்முன் நடந்து சென்றான்.

"அம்மா, உண்ட வாயாலேயே உன்னை இழித்தேன். ஆணை ஒழிந்தது. பெருவாசல் வழியே வந்து விருந்தை ஆக்கித் தருவாயா?"

"ஆக்கிப் போடுறேன், ராசா. ஆனா இந்தக் கரியச் சொமந்தவங்களும் பந்தியில ஒக்காரணும். ஒரே வரிசை, ஒரே எல."

"அப்படியே ஆகட்டும்!"

பெருவாசல் அகலத் திறந்தது. மனைவி முன்னே நடக்க, நகைமாறன் பின்னே நடந்தான். எந்தப் பட்டமும் தராத பெருமிதம் அவள் பின்னால் நடந்த அந்தப் பத்தடியில் அவனுக்குக் கிடைத்தது. தணல் சிவந்தது, பூண்டும் மிளகும் மணந்தன, வெல்லப்பாகு பொன்னாய்க் கொதித்தது. பசியில் துவண்ட தண்டராயர் மரபை மறந்து, கிடைத்த இலையில் அமர்ந்தார்.

மன்னனும் இலைமுன் அமர்ந்து பந்தியை நோக்கினான். வண்டியோட்டிகள் முகத்தில் கரி. ஊதுகுழல் ஊதியவர் முகத்திலும் கரி. ஒரே வரிசையில், ஒரே கறுப்பில், எல்லாரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நகைமாறா, இவர்களில் என் அமைச்சர் எவரப்பா?"

"எனக்கும் தெரியவில்லை, வேந்தே. பார்த்ததுமே குலத்தை அறிபவர் அவர் ஒருவர்தாம். அவரையே கேளுங்கள்!"

"நான்தான், நான்தான்!" என்று கத்தினார் தண்டராயர், வாயில் இறைச்சியோடு.

மன்னன் இலை நடுங்கச் சிரித்தான். சிரித்தபடியே தன் தோள்வளையைக் கழற்றி நகைமாறனுக்கு அணிவித்தான். கூடை நிறையப் பொற்காசு தரச் சொன்னான். பிறகு எழுந்து, பாகுச் சட்டியைத் தானே எடுத்துச் சென்று, ஆக்கி முடித்துப் பந்தியில் வந்து அமர்ந்த சுடர்க்கொடியின் இலையில் முதல் கரண்டியைப் பரிமாறினான்.