ஆட்காட்டி வாயை மூடவில்லை

குன்றின் அடிவாரக் காட்டில் ஓர் ஆட்காட்டிப் பறவை வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. சுற்றிலும் தும்பை பூத்துக் கிடந்தது. பக்கத்துப் புதரில் ஒரு சின்னான் குருவி கூடு கட்டியிருந்தது.

இளவேனில் வந்ததும் மனிதர்கள் கேமராவோடு காட்டுக்குள் நடக்க வந்தார்கள். பூக்களையும் பறவைகளையும் படம் பிடித்தார்கள்.

"அவர்கள் நம் விருந்தாளிகள். கிட்டே வந்தால் கத்தாதீர்கள். பேசாமல் ஒதுங்கிப் போங்கள். அதுதான் மரியாதை" என்றது பக்கத்து மரத்தில் வாழ்ந்த ஒரு வால்காக்கை.

சின்னான் அப்படியே ஒதுங்கியது. படம் தெளிவாக விழ வேண்டுமென்று ஒருவர் கூட்டை மறைத்த கிளையை ஒடித்துப் போட்டார். சின்னான் திரும்பி வந்தபோது கூட்டில் முட்டை இல்லை. யார் தின்றது என்று அதற்குத் தெரியவில்லை; அழுதது. ஆனால் வால்காக்கையின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்ததை ஆட்காட்டி பார்த்துவிட்டது.

மறுநாள் ஒரு பெண் தும்பைப் பூவைப் படமெடுத்தபடியே பின்னால் நகர்ந்து வந்தாள். இன்னும் கொஞ்சம் வந்தால் ஆட்காட்டியின் முட்டைகள் நசுங்கிவிடும். ஆட்காட்டி எழுந்தது.

"சத்தம் போடாதே. நீ கத்தினால் முட்டை இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்று கிளையிலிருந்து அதட்டியது வால்காக்கை.

"உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. வாய் திறக்காத சின்னானின் முட்டை எங்கே போயிற்று? முதலில் உன் அலகைத் துடை. பிறகு மரியாதையைப் பற்றிப் பேசலாம்" என்றது ஆட்காட்டி.

"நீ இத்தனூண்டு. அவள் மிதித்தால் என்ன செய்வாய்?"

"மிதிக்கட்டும். என்னை மிதித்துவிட்டுத்தான் முட்டையை மிதிக்க வேண்டும்."

சொல்லிவிட்டு ஆட்காட்டி கத்திக்கொண்டே அவள் காலை நோக்கிப் பாய்ந்தது. திடுக்கிட்டு நின்ற பெண் குனிந்து பார்த்தாள். குதிகாலுக்குப் பின்னாலேயே முட்டைகள் இருந்தன.

"அடடா, தெரியாம வந்துட்டேன்" என்றவள் கேமராவை மூடிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அவள் நகர்ந்ததுதான் தாமதம், வால்காக்கை முட்டைகளை நோக்கி இறங்கியது. ஆட்காட்டி சிறகை விரித்து மறித்தது. அதற்குள், ஆட்காட்டி சொன்னதைப் புதரிலிருந்து கேட்டிருந்த சின்னான் சீறி வந்தது.

"அப்படியானால் என் முட்டையைத் தின்றது நீதானா!" என்று வால்காக்கையின் பிடரியில் கொத்தியது.

இரண்டும் சேர்ந்து விரட்டிய விரட்டில் வால்காக்கை குன்றைத் தாண்டி ஓடியது. அந்த இளவேனில் முழுக்க அது அடிவாரப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆட்காட்டியின் குஞ்சுகள் தும்பைச் செடிகளுக்கு நடுவே ஓடி வளர்ந்தன.

அடங்கிப் போகச் சொல்பவன் பேச்சை நம்பிக் கூட்டை இழப்பதைவிட, தன்னந்தனியாக நின்றாவது குரல் எழுப்புவதே மேல்.