நான்கு விரல் ஜெபம்

குருவுக்கு வயது இருபத்திரண்டு. சிஷ்யைக்குப் பத்தொன்பது. இரண்டையும் கூட்டினாலும் ஞானம் வருகிற வயது ஆகவில்லை என்பார்கள் பெரியவர்கள். என்ன செய்வது, அவர்கள் சபையில் வழக்கம் அப்படி.

மார்மன் சபை என்று ஒன்று உண்டு. அதில் வாலிபப் பிள்ளைகள் படிப்பையும் வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஊழியத்துக்குப் போவார்கள். பெண்களுக்கு ஒன்றரை வருடம். தனியாகப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். முன்னால் வந்தவள் பின்னால் வந்தவளைப் பழக்கி எடுக்க வேண்டும். டீ, காப்பி தொடக் கூடாது. ஒருவரை ஒருவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். நெஞ்சில் குத்திக்கொள்ளும் கறுப்பு அட்டையில் குடும்பப் பெயர் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பன் பெயர்தான். அதனால் பெரம்பூர் ஷெர்லின் 'சிஸ்டர் அருள்மணி' ஆனாள். அவளுக்குக் குருவாக வாய்த்த திசையன்விளை வளர்மதி 'சிஸ்டர் சுடலைமுத்து' ஆனாள்.

திருப்பூர் வந்து இறங்கிய அன்று அந்த அட்டையைப் பார்த்து ஷெர்லின் சிரித்துவிட்டாள். வளர்மதி கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்கப்பா மாடன் கோயிலுக்கு வருசா வருசம் கிடா வெட்டுத ஆளு. அவரு பேரு இப்படி ஊர் சுத்துதது அவருக்கே தெரியாது," என்றாள்.

ஷெர்லினும் லேசுப்பட்டவள் இல்லை. பயிற்சி மையத்தில் பேர் வாங்கியவள். அங்கே யாராவது ஒருவர் வீட்டுக்காரராக நடிப்பார். பயிற்சிக்கு வந்தவள் அவருக்குப் பாடம் சொல்ல வேண்டும். ஜெபம் செய்வது எப்படி என்ற பாடத்தை ஷெர்லின் விரல் மடக்கிச் சொல்லிக் கொடுப்பாள். முதல் விரல், பரலோகப் பிதாவே என்று கூப்பிடுவது. இரண்டாம் விரல், நன்றி. மூன்றாம் விரல், வேண்டியதைக் கேட்பது. நான்காம் விரல், இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென். வீட்டுக்காரியாக நடித்த அம்மாள் இரண்டாம் விரலிலேயே அழுதுவிட்டாள். நடிப்பா நிஜமா என்று ஷெர்லின் கேட்டுக்கொள்ளவில்லை.

வந்த நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. மயிலாத்தா என்கிற அம்மாள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும்தான் அவர்கள் போவார்கள். அவளுக்குப் பக்கத்து வீட்டு ஃப்ளோரா சபைக்கு வருகிறவள். அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மயிலாத்தா பிசிறு வெட்டுகிறவள். பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வீட்டுக்கு வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கிக் கொடுக்க வேண்டும். அறை முழுக்க வெள்ளைப் பனியன். நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சுடலமுத்து... பொம்பளப்புள்ளைக்கா கண்ணு இந்தப் பேரு?"

"அது எங்கப்பா பேரும்மா."

சிரித்தாள். "காப்பி வெக்கட்டுங்களா?"

ஷெர்லின், தங்கள் சபையில் காப்பி ஏன் கூடாது என்று விளக்க வாயைத் திறந்தாள். அதற்குள் வளர்மதி, "வெயில்ல வந்தோம், தண்ணி குடுங்கம்மா," என்றாள். இரண்டு சொம்பு தண்ணீர் வந்தது.

மயிலாத்தா சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கும் சாமிக்கும் ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல கண்ணு. என்ற வூட்டுக்காரருக்குக் கிட்னி போச்சு. பழனிக்கு நடந்தே போனேன். திரும்பி வந்த எட்டாம் நாளு போயிட்டாரு. அன்னைக்கு நிறுத்துனதுதான். கோயிலுக்கும் போறதில்ல, விளக்கும் வெக்கறதில்ல." கத்தரியைக் கீழே வைத்தாள். "இப்பப் பேசோணும்னு இருக்குது. எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. சொந்தபந்தமா இருந்தாலாச்சும் யாரையாவது நடுவுல வெச்சுப் பேசலாம். நீங்க சொல்லிக் குடுப்பீங்களாமா, ஃப்ளோரா சொன்னா."

வளர்மதி ஷெர்லினைப் பார்த்தாள். நீயே சொல் என்று அர்த்தம்.

ஷெர்லினுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கரும்பு தின்னக் கூலியா? நான்கு விரலையும் காட்டி, வரிசை மாறாமல் சொல்லிக் கொடுத்தாள். மயிலாத்தாவும் நல்ல பிள்ளை மாதிரி நான்கையும் மடக்கிப் பார்த்துக்கொண்டாள். மூவரும் முழங்காலிட்டார்கள்.

தெருவில் ஒரு டெம்போ போனது.

பிறகு மயிலாத்தா வாயைத் திறந்தாள்.

"ஏஞ்சாமி... அத்தனை தூரம் நடந்து வந்தனே. காலெல்லாம் கொப்புளம். அப்பக் கேக்காம நீ என்ன பண்ணீட்டு இருந்தே?"

"ஆன்ட்டி," என்றாள் ஷெர்லின் மெதுவாக. "ரெண்டாவது விரல். முதல்ல நன்றி சொல்லணும்."

மயிலாத்தா கண்ணைத் திறந்தாள். மடக்கிய தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"இது நமக்கு வராது கண்ணு. விட்டுருங்க," என்று கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் வளர்மதி திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது ஷெர்லினுக்கு.

"நான் சொன்னது தப்பா, சிஸ்டர்?"

"இல்ல. பாடத்துல உள்ளதைத்தானே சொன்னிய."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?"

வளர்மதி அவர்கள் அறைப் பூட்டைத் திறந்தாள்.

வெளியே போய் வந்தால் இருவரும் சேர்ந்து ஜெபிப்பது வழக்கம். அன்று வளர்மதியின் முறை. ஜன்னலோரம் முழங்காலிட்டார்கள்.

"பரலோகப் பிதாவே," என்றாள் வளர்மதி. "நேத்தும் எங்கப்பா போனை எடுக்கல. நான் ஊழியத்துக்கு வந்து ஒம்பது மாசமாச்சு. திங்கக்கிழமை ஆனா அடிக்கேன். மணி அடிச்சு அடிச்சு ஓயுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எடுத்து, ஏசவாவது செய்யக் கூடாதா அவரு? அவரு ஏச்சைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு..."

குரல் நின்றது. "சிஸ்டர்," என்றாள்.

"ம்."

"நான் இப்ப எத்தனாவது விரல்ல இருக்கேன்?"

கேலி செய்கிறாளோ என்று ஷெர்லின் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வளர்மதியின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. வளர்மதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மிச்சத்தை வாய்க்குள்ளேயே சொல்லி முடித்துக்கொண்டாள்.

அன்று ஷெர்லின் சாப்பிடவில்லை. அவமானம் ஒரு பக்கம். ஆறு வருடம் மூடிக் கிடந்த வாய் திறந்தபோது தானே அதை அடைத்துவிட்டோமே என்ற பயம் ஒரு பக்கம். இனி அந்த அம்மாள் பேசாமலே செத்துப்போனால்?

"நான் ஊருக்குப் போயிடறேன், சிஸ்டர். நான் இதுக்கு லாயக்கில்ல."

"சரி," என்றாள் வளர்மதி. "வெள்ளிக்கிழமை மிஷன் தலைவருக்கு வார லெட்டர் எழுதணும்லா? அதுல எழுதுங்க. அதுவரை எங்கூடப் பிசிறு வெட்ட வாங்க."

"எங்க?"

"வேற எங்க?"

புதன்கிழமை மயிலாத்தா கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள். "ஜெபமெல்லாம் வேண்டாங் கண்ணு."

"ஜெபத்துக்கு வரலம்மா. மூட்டை நெறையக் கெடந்துச்சே, கூட மாட வெட்டலாம்னு வந்தோம்."

"கூலி கட்டுபடியாகாது எனக்கு."

"தண்ணி குடுங்க, போதும்."

மயிலாத்தா இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு கத்தரியை எடுத்துப் போட்டாள்.

ஷெர்லின் லேசுப்பட்டவள் இல்லை என்றேன் அல்லவா? ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று ஒட்ட ஒட்ட நறுக்கினாள். பதினோராவது பனியனில் நூலோடு துணியும் போனது. தோள்பட்டையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓட்டை.

பனியனை எடுத்துக் காட்டினாள். மயிலாத்தா விரலை அதற்குள் விட்டுப் பார்த்தாள்.

"பிசிறு இருந்தாக்கூட எவனாச்சும் போட்டுக்குவான் கண்ணு. ஓட்டையைப் போட முடியுமா? கொஞ்சம் விட்டே வெட்டு."

"சாரி ஆன்ட்டி."

"அழுவாத. நானும் வந்த புதுசுல முப்பது உருப்படியக் காலி பண்ணுனவதான்."

வியாழக்கிழமை மயிலாத்தா தானாகவே வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினாள். சின்னச்சாமி என்று பெயர். சாயப்பட்டறையில் வேலை. கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு சாயம் இருக்குமாம். சோற்றைப் பிசைந்தால் சோறு நீலமாகிவிடும் என்று கேலி செய்வாளாம். ஷெர்லினுக்குச் சொல்வதற்கு எத்தனையோ வந்தது. செத்தவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு பாடமே மனப்பாடம். நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்ன நீலம் ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். மயிலாத்தா பதில் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எப்பதான் நாம பேசறது?" என்று வரும் வழியில் கேட்டாள் ஷெர்லின்.

"அவங்க கேட்டா."

"கேக்கலன்னா?"

"வெட்டுததுக்குப் பிசிறு கெடக்கு."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி இருக்கும். கம்பெனி வண்டி வரும் நேரம். வெட்டிய துணியை மடித்துக்கொண்டிருந்த மயிலாத்தா சட்டென்று நிறுத்தினாள்.

"நீ ஒண்ணு பேசு கண்ணு. உன்ற சாமிகிட்ட. நான் கேட்டுக்கறேன்."

ஷெர்லின் வளர்மதியைப் பார்த்தாள். வளர்மதி நூல் எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

பனியன் குவியலுக்கு நடுவிலேயே ஷெர்லின் கண்ணை மூடினாள். மையத்தில் பேர் வாங்கிய பாடத்தில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. விரலும் மடங்கவில்லை.

"அப்பா," என்றாள். "அன்னைக்கு ஆன்ட்டி உங்ககிட்டதான் பேசிட்டிருந்தாங்க. நான் நடுவுல பூந்து கெடுத்துட்டேன். அது என் தப்பு, அவங்க தப்பில்ல. அவங்க மறுபடி பேசுனா... கேளுங்கப்பா."

அவ்வளவுதான் வந்தது.

பிறகு மயிலாத்தாவின் குரல் கேட்டது. முழங்காலிடவில்லை, மடியில் பனியனோடு உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏஞ்சாமி. கேக்கறயா? கேளு. அத்தனை தூரம் நடந்தேன். என்ன கேட்டேன் உன்னை? காரு கேட்டனா, பங்களா கேட்டனா? ஒரு மனுசனைத்தானே கேட்டேன். நீ பேசாம இருந்தே. சரி போன்னு நானும் பேசாம இருந்தேன். ஆறு வருசம். உனக்கு எப்படியோ... எனக்குத் தாங்கல சாமி. சண்டை போடக்கூட ஆளில்லாமப் போச்சு எனக்கு..."

ஷெர்லின் தன் கையை எடுத்துத் தன் வாயையே பொத்திக்கொண்டாள். மயிலாத்தா திட்டினாள், விசும்பினாள், சின்னச்சாமியின் கடைசி நாளைச் சொன்னாள், அவர் கேட்டுச் செய்து கொடுக்காமல் போன கம்பஞ்சோற்றைச் சொன்னாள். அதை இரண்டு தரம் சொன்னாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"செத்த நேரம் இரு சாமி, வந்தர்றேன்," என்றாள் மயிலாத்தா, கண்ணைத் திறக்காமலே. அப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மூட்டையைத் தூக்கினாள். ஆளுக்கொரு மூட்டை இவர்களும் தூக்கிக் கொடுத்தார்கள். வண்டிக்காரனோடு உருப்படிக் கணக்கில் அவள் மும்முரமாகிவிட்டாள்.

"நாளைக்கு வாங்க கண்ணு. ரெண்டு பேரும்," என்றாள் திரும்பிப் பார்த்து. முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. ஷெர்லின் போனை எடுத்தாள். மிஷன் தலைவருக்குப் புதன்கிழமையே எழுதி வைத்திருந்த ஒரு வரி அதில் இருந்தது: என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதை அழித்தாள். 'மயிலாத்தா ஆன்ட்டி இன்று ஜெபித்தார்கள்' என்று அடித்தாள். பாதியில் விரல் நின்றது.

"சிஸ்டர்."

"சொல்லுங்க."

"அவங்க எல்லாம் சொன்னாங்க. ஆனா ஆமென் சொல்லலையே. ஜெபம் பண்ணாங்கன்னு எழுதலாமா?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. வளர்மதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எப்படிச் சொல்லுவாங்க, சிஸ்டர்? அவங்க இன்னும் பேசி முடிக்கலையே."